செல்வமேரியின் பச்சை உப்பு

முறத்தில் கொட்டிய பச்சை உப்பைக் காலை வெயிலுக்குக் காட்டி, பழுப்பேறிய கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளுகிறார் செல்வமேரி. அரிசியில் கல் பொறுக்குகிற அதே விரல்கள், அதே வேகம். நல்ல கட்டி என்றால் இளம்பச்சையாக, வெயிலைத் தனக்குள் விடுவதாக இருக்க வேண்டும். ஓரத்தில் துரு நிறம் தெரிந்தால் முறத்தை விட்டு வெளியே. "துருப்புடிச்சவன் வேலைக்கு ஆவமாட்டான்" என்று ஒரு தீர்ப்பும் கூடவே விழும். தீர்ப்பு உப்புக்கு மட்டும்தானா, வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் கணவர் தோமினிக்குக்கும் சேர்த்தா என்பதை அவர் முகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. தோமினிக் எதற்கும் இருக்கட்டும் என்று பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

அந்த உப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று பெயர். உரக்கடையில் பெரஸ் சல்பேட். செல்வமேரி வாங்குவது உரக்கடையில்தான். சேலம் சூரமங்கலத்தில் வீடு. உப்புக்காகப் பஸ் ஏறி நாமக்கல் ரோட்டில் புதுச்சத்திரம் வரைக்கும் போவார். அந்தப் பக்கம் மரவள்ளிக் காடுகள்; அந்த ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு. இலை வெளுத்து மஞ்சளானால் விவசாயிகள் இதைத்தான் கரைத்துத் தெளிக்கிறார்கள். அதனால் கடையில் சரக்கு தேங்காது. "நின்ன சரக்கு நீர் கோத்துத் துருவாப் போயிரும். ஓடற கடையிலதான் வாங்கோணும்" என்பது அவர் கணக்கு. கடைக்காரர் வெகுநாள் வரை இவரை ஒரு பெரிய விவசாயி என்றே நினைத்திருந்தார். ஒருமுறை, "ஏனுங்க, உங்களுக்குக் குச்சிக்கிழங்கு எத்தன ஏக்கருங்க?" என்று கேட்டும்விட்டார். "எங்க காட்டுல வெளையறதே மஞ்சளாத்தானுங்க வெளையும்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார் செல்வமேரி. கடைக்காரர் அந்தக் காடு எந்தத் திசையில் இருக்கிறது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கக்கூடும்.

காடு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே ஒரு கடப்பைக்கல் மேடை, மணல் நிரப்பிய இரும்புச் சட்டி, கண்ணாடிக் குடுவைகள், புகையை இழுத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் டிரம்முக்குள் விடும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஊரில் உள்ள சின்ன நகைப் பட்டறைகள் தங்களால் ஆகாத தங்கத்தை இங்கே அனுப்புகின்றன. செம்பு கூடிப்போனது, ஈயம் கலந்து கெட்டது, பட்டறைத் தரையைப் பெருக்கிய தூசி, பாலீஷ் துணி, கால்மிதி எல்லாம் வரும். அவற்றை ஆசிட்டில் கரைத்து, அந்தத் தண்ணீரில் பச்சை உப்பைப் போட்டு, தங்கத்தை மட்டும் தனியாக அடியில் இறக்கிக் கொடுப்பது செல்வமேரியின் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு முலாம் பட்டறைக்கு வேலைக்குப் போனபோது பழகியது. கட்டிக்கொண்ட தோமினிக்குக்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் உத்தியோகம். சம்பளம் வருகிறதே, ஆசிட் எதற்கு என்று அவர் கேட்டுப் பார்த்தார். "சும்மா இருந்தா எனக்குக் கை அரிக்குதுங்க" என்று பதில் வந்தது. அவர் பென்சன் வாங்கவும் ஆரம்பித்துவிட்டார். இவர் கை இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கம் கரைந்த தண்ணீர் தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டதும் கத்தரிப்பூ நிறத்தில் கறை எழும்பும்; எந்த சோப்புக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் உண்டு. கையுறை போட்டாலும் எப்படியோ ஒரு விரல் மாட்டிக்கொள்கிறது. போன தேர்தலில் வாக்குச்சாவடியில் மை வைக்கிற அம்மாள் இவர் விரல்களைப் பார்த்ததும் மைக் குப்பியை மூடி வைத்துவிட்டார். "ஏம்மா, நாலு வெரல்லயும் ஓட்டுப் போட்டுட்டா வந்தீங்க?" என்று கேட்க, வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். தோமினிக் முன்னால் வந்து, "அது தங்கங்க, மை இல்லீங்க" என்று விளக்கம் சொல்லப்போய் விவகாரத்தை இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் கறை படாத ஒரு விரலைத் தேடிப்பிடித்து மை வைத்தார்கள். மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க நீட்டும்போதும் அந்தக் கைகள்தான். பங்குச் சாமியார் முதல் தடவை கொஞ்சம் தயங்கினார், பிறகு பழகிக்கொண்டார்.

மூக்கு விஷயம் அதற்கு நேர் எதிர். அடுப்பில் சாம்பார் தீய்ந்தால் செல்வமேரிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டும். ஆசிட் வாடை மட்டும் தெருமுனையில் கிளம்பினாலும் பிடித்துவிடுவார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது தோமினிக்கின் வேலை. ஒரு தடவை புகை போய்ப் பக்கத்து வீட்டு முருங்கை இலையைக் கருக்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு துணியைக் கம்பில் கட்டி மாடியில் நட்டு, அது ஆடுகிற திசையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். சிக்னல் பார்த்த கண். "லைன் கிளியர்!" என்று அவர் சொன்னால்தான் கொட்டகையில் ஆசிட் பாட்டில் திறக்கும்.

தங்கத்தைக் கரைப்பதற்கு இரண்டு ஆசிட் சேர வேண்டும். அதில் ஒன்று வெடியுப்பு ஆசிட், அதாவது நைட்ரிக். கரைத்து முடிந்ததும் அதன் வேலை முடிந்தது. அப்புறம் அது சொட்டுக்கூட மிச்சம் இருக்கக்கூடாது. மணல் சட்டியில் வைத்துச் சுண்டக் காய்ச்சி, மற்ற ஆசிட்டை விட்டு மறுபடியும் சுண்டக் காய்ச்சி, அதை விரட்ட வேண்டும். கடைசியில் ஒரு சிட்டிகை யூரியாவைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொங்கினால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அது உள்ளே இருக்கிறவரை பச்சை உப்பைப் போட்டாலும் தங்கம் இறங்காது. இறங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பக் கரைந்துவிடும்.

இதைச் செல்வமேரி சொன்னால் வேறு மாதிரி இருக்கும். கரைந்து கிடக்கும் தங்கத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. வெடியுப்பு ஆசிட் குடிகாரச் சித்தப்பன். "மண்டபத்துக்குள்ள சித்தப்பன் குடிச்சிட்டு ஆடிட்டிருக்கறப்ப மாப்பிள்ளய கார்ல இருந்து எறங்கச் சொன்னா எறங்குவானா? மொதல்ல சித்தப்பன வெளிய அனுப்போணும். அதுக்குப் பொறுமை வேணும்." வருகிற பட்டறைக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். "மாப்பிள்ளை எறங்கிட்டாரா அக்கா?" என்றுதான் போனிலேயே விசாரிப்பார்கள். சித்தப்பன் வெளியே போகும் முன்னால் செல்வமேரி அவசரப்பட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர.

போன தை மாதத்தில் ஒரு நாள். காலையில் பூபதியிடமிருந்து போன். பூபதி சின்னதாக ஒரு நகைப் பட்டறை வைத்திருப்பவர். "அக்கா, ஒருத்தர அனுப்பறேன். தாலி. ஈயப்பத்து வெச்சுக் கெடுத்து வெச்சிருக்காங்க. நெருப்பு ஊதுனா பொரியுது, தட்டுனா நொறுங்குது. சுத்தம் பண்ணாம ஒண்ணும் ஆவாது. இன்னைக்கே வேணுமாம்" என்றார். தாலியென்றால் வேறு யார் பொருளோடும் கலக்காமல் தனிக் குடுவையில் போடுவார் செல்வமேரி. சரி அனுப்புங்க என்றார். வந்தவர் பொருளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தார். வழக்கம் அதுதான்.

வந்தவர் போகவில்லை. பெயர் அங்காளம்மாள், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மரவள்ளி வைத்திருக்கும் விவசாயி. வெயிலில் வேர்த்து வழிந்தும் முந்தானையைக் கழுத்தோடு இறுகப் போர்த்தியிருந்தார். தோமினிக் நாற்காலியைக் கொடுத்து உட்காரச் சொன்னதும் முந்தானை கொஞ்சம் விலகியது. கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு விரலி மஞ்சள்.

"பெருகிப் போச்சுங்க அம்மணி" என்றார். தாலி அறுந்தது என்ற வார்த்தையை வாயால் சொல்வதில்லை. "ஆசுபத்திரிப் படில ஏறறப்பப் பை வாரு மாட்டி இழுத்துருச்சு. வாசல்ல ஒருத்தங்கிட்ட ஒட்டக் குடுத்தா, ஈயத்த வெச்சுக் கெடுத்துட்டானுங்க. எங்கூட்டுக்காரர அங்கதான் சேத்திருக்குது. நாளைக்கு விடிஞ்சா நெஞ்சத் தொறந்து ஆபரேசனுங்க. பொழுது சாயறப்பப் பாக்க உடுவாங்க. நான் போனா அவரு மொதல்ல பாக்கறது என்ற கழுத்தத்தானுங்க."

பூபதி புதிதாக ஒன்று தயாராக இருக்கிறது, எடைக்கு எடை மாற்றித் தருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அங்காளம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. செல்வமேரியும் கேட்டுப் பார்த்தார்.

"அது அவரு கட்டுனதுங்க. வேற தங்கத்துக்கு நான் வாக்கப்படலீங்க" என்று பதில் வந்தது.

பிறகு என்ன பேச. பொருளைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இருங்கள் என்றார் செல்வமேரி. அதற்கும் மறுப்பு. என் கண் முன்னாலேயே ஆகட்டும் என்று அங்காளம்மாள் கொட்டகை வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆசிட் வேலை நடக்கும்போது வெளியாளை அந்தப் படியில் உட்காரவிடுவதில்லை என்பது செல்வமேரியின் சட்டம். அன்றைக்கு அந்தச் சட்டத்தை ஏன் சொல்லவில்லை என்று அவருக்கே தெரியாது. தோமினிக்கை மாடிக்கு அனுப்பிக் காற்றைப் பார்க்கச் சொன்னார். காற்று படிக்கு எதிர்ப்பக்கம் அடித்தது. லைன் கிளியர்.

நொறுங்கிய தாலித் துண்டுகள் குடுவைக்குள் விழுந்தன. ஆசிட் ஊற்றியதும் அவற்றைச் சுற்றிக் குமிழ் கட்டியது. செம்மண் நிறத்தில் புகை எழுந்து குழாய்க்குள் போனது. துண்டுகள் ஓரம் மழுங்கி, மெலிந்து, கொஞ்ச நேரத்தில் காணாமல் போயின. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் கசடு, மேலே மஞ்சள் தண்ணீர். செல்வமேரி இதை எத்தனையோ தடவை பார்த்தவர். ஒரு தங்கம் கரையும்போது அதன் சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். திரும்பினால் அங்காளம்மாள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுகிறார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்குகிறது.

"எங்கயும் போவலீங்க. உள்ளதான் இருக்குது. இந்த மஞ்சத் தண்ணிதான் உங்க தாலி" என்று சொல்லிப் பார்த்தார். அங்காளம்மாள் தலையை ஆட்டினார். அழுகை நிற்கவில்லை.

கசடை வடிகட்டி, மஞ்சள் தண்ணீரை மணல் சட்டியில் ஏற்றினார். ஒரு தடவை சுண்டியது. ஆசிட் விட்டு இரண்டாவது தடவையும் சுண்டியது. இன்னும் ஒரு சுற்று வைக்க வேண்டும், யூரியா போட்டுப் பார்க்க வேண்டும். படியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. சீக்கிரம் தங்கத்தைக் கண்ணில் காட்டிவிட்டால் இந்த அழுகை நிற்குமே என்று இருந்தது. புகை அடங்கிவிட்டது போலத் தெரிந்தது. போதும் என்று சட்டியிலிருந்து இறக்கிவிட்டார்.

பொறுக்கி வைத்த பச்சை உப்பை வெந்நீரில் போட்டுக் கலக்கியபோது அங்காளம்மாள் அழுகையினூடே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எங்க குச்சிக்காட்டுக்குத் தெளிக்கறதுங்களே!"

"அதேதானுங்க. உங்கூருக் கடையில வாங்கினதுதான்."

அங்காளம்மாளுக்கு அன்று முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆசிட்டும் புகையும் கண்ணாடிக் குடுவையுமாக இருந்த அந்தக் கொட்டகையில் அவருக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். போன ஆவணியில் இலையெல்லாம் எலுமிச்சம்பழமாய் வெளுத்தபோது இதைத் தெளித்துத்தான் காட்டைக் காப்பாற்றினோம், அப்போதெல்லாம் மருந்து டேங்க்கை முதுகில் சுமந்தது வீட்டுக்காரர்தான் என்று சொன்னார்.

செல்வமேரி உப்புத் தண்ணீரை மஞ்சள் தண்ணீருக்குள் மெதுவாக விட்டார். பழுப்பாக ஒரு மேகம் சுருண்டு கிளம்பியது. "பாத்தீங்களா, வாராரு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, தண்ணீர் கருத்தது. மேலே மறுபடி செம்மண் புகை. மேகம் மெலிந்தது, கலைந்தது, இல்லாமல் போனது. குடுவையின் அடியில் ஒன்றுமே இல்லை. வாடையைப் பிடித்த மாத்திரத்தில் செல்வமேரிக்குப் புரிந்துவிட்டது. சித்தப்பன் உள்ளே இருக்கிறான். அனுப்பாமலே மாப்பிள்ளையைக் கூப்பிட்டாயிற்று.

தங்கம் எங்கேயும் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். மறுபடி சுண்டக் காய்ச்சி, ஒழுங்காக விரட்டி, மறுபடி உப்புப் போட வேண்டும். அதற்குத்தான் நேரம் வேண்டும். உச்சி வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் முடிந்து பூபதி உருக்கித் தாலி அடித்துக் கோத்துக் கொடுக்க வேறு நேரம் வேண்டும். பொழுது சாயும்போது இந்த அம்மாள் விரலி மஞ்சளோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். செல்வமேரிக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

தோமினிக் மாடியிலிருந்து இறங்கி வந்து குடுவையைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. கொட்டகைக்குப் பின்பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நம்ம பொட்டில சுத்தத் தங்கம் இருக்குதில்ல மேரி. எட போட்டுக் குடுத்து அனுப்பு. சாயங்காலம் இது எறங்கினா நாம எடுத்துக்குவோம். ஒரு குந்துமணி கொறையப் போறதில்ல. தங்கத்துல என்ன உன் தங்கம், என் தங்கம்?"

"அவங்க கேட்டா?"

"எப்படிக் கேப்பாங்க? அதுல பேரா எழுதியிருக்குது? ஏமாத்தறது இல்ல மேரி. அவங்க புருசன் முன்னாடி தாலியோட போயி நிக்கட்டும்னு சொல்றேன்."

தோமினிக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது செல்வமேரிக்கும் தெரியும். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. கரைந்து இறங்கிய தங்கத்துக்கு முகம் கிடையாது. யார் கொண்டுவந்து வைத்தாலும் இது என்னுடையது என்று யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் செல்வமேரி தோமினிக் பக்கம் சாய்ந்தும்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கை இடுப்புச் சாவிக்குப் போனது. பிறகு சாவியை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார்.

அங்காளம்மாளுக்கு எதிரே படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். படியில் அவர் உட்கார்ந்து தோமினிக்கே பார்த்ததில்லை.

"அம்மணி, தப்பு என்னுது. நீங்க அழறதப் பாத்து நான் அவசரப்பட்டுட்டேன். இன்னொரு தடவ காய்ச்சியிருக்கோணும், காய்ச்சல. உங்க தங்கம் அதுக்குள்ளதான் இருக்குது, ஒண்ணும் ஆவல. ஆனா எறங்கறதுக்கு நேரமாவும். சாயங்காலத்துக்குள்ள ஆவும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எங்கிட்ட வேற சுத்தத் தங்கம் இருக்குது. வேணும்னா எடக்கி எட இப்பவே குடுத்தர்றேன். நீங்க சொல்றதுதான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். குறைந்தபட்சம் இன்னொரு அழுகை. அங்காளம்மாள் எழுந்து மேடைக்கு அருகே வந்தார். கருத்துக் கலங்கிய குடுவையைக் குனிந்து பார்த்தார்.

"என்னுது இதுக்குள்ளதான இருக்குதுங்க?"

"இதுக்குள்ளதான்."

"அப்ப இருக்கட்டுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிக்குப் போனார். "மருந்து தெளிச்ச அன்னிக்கே எலை பச்சையாவுதுங்களா? நாங்களுந்தான் காட்டுல நின்னு பாத்துட்டே இருப்போம். நீங்க பதறாம பண்ணுங்க சாமி. நான் உக்காந்திருக்கறேன்."

என்ன ஆயிற்றோ, அதன் பிறகு அவர் அழவில்லை. அதுவரை எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், இல்லை, கெட்டுவிட்டது, காத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது போலிருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். தோமினிக் டீ வாங்கி வந்தார். அங்காளம்மாள் அவரிடம் ரயிலைப் பற்றியெல்லாம் விசாரித்தார். இந்தப் பக்கம் போவது எந்த ஊர் வண்டி, அது நாமக்கல் வழியாகப் போகுமா என்று. தோமினிக்குக்கு இதுபோல ஒரு ஆள் கிடைத்து வெகுநாள் ஆகியிருந்தது.

செல்வமேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுண்டியது. ஆசிட் விட்டார், மறுபடி சுண்டியது. மறுபடி விட்டார். யூரியாவை ஒரு சிட்டிகை போட்டு, பொங்குகிறதா என்று குனிந்து காதை வைத்துக் கேட்டார். பொங்கியது. இன்னும் கொஞ்சம் போட்டார். அது அடங்கிய பிறகும் உடனே உப்பை எடுக்கவில்லை. வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு முறத்திலிருந்து கட்டிகளை மறுபடி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துப் புதிதாகக் கரைத்தார்.

இந்தத் தடவை விட்டதும் பழுப்பு மேகம் கிளம்பியது. கிளம்பிய மேகம் கலையாமல் நின்றது. புகை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேகம் கனத்து, சின்னச் சின்னத் துகளாகத் திரண்டு, அடிக்கு இறங்க ஆரம்பித்தது. தண்ணீரின் மஞ்சள் வெளுத்து இளம்பச்சையானது. மூவரும் குடுவையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். தோமினிக் காற்றைப் பார்க்க மறந்துபோய்விட்டார்.

தண்ணீரை வடித்து, இறங்கியதைச் சுடுதண்ணீரில் பலமுறை அலசி, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் சூட்டில் உலர்த்தினார். உலர்ந்ததை அங்காளம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினார். தட்டின் நடுவே காப்பிப் பொடி நிறத்தில் ஒரு பிடி மண். பிடிகூட இல்லை, ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் மேலே.

அங்காளம்மாள் முகம் விழுந்துவிட்டது. "இதுங்களா?" என்றார். காலையில் தங்கமாகக் கொடுத்தது, மத்தியானம் தண்ணீரானது, இப்போது மண்ணாகக் கைக்கு வந்திருக்கிறது.

சாதாரணமாகச் செல்வமேரி இந்த இடத்தில் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், உருக்கினால் தங்கம். அன்று அடுக்களைக்குப் போய் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்துவந்து அங்காளம்மாள் கையில் கொடுத்தார்.

"பின்பக்கத்தால அழுத்தித் தேய்ங்க. பயப்படாதீங்க. நீங்களே தேய்ங்க."

அங்காளம்மாள் படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, மண்ணின் ஓரத்தில் கரண்டியை வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார். பழுப்புக்குள் மயிரிழையாக ஒரு மஞ்சள் கோடு. அவர் கையை எடுத்துவிட்டார். பிறகு குனிந்து அதே இடத்தில் மறுபடி தேய்த்தார். கோடு அகன்று விரல் நகம் அளவுக்குத் தங்கமாக மின்னியது. "ஐயோ சாமி" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. மஞ்சள் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மேடைமேல் போன் அடித்தது. பூபதி.

"ஆச்சுங்களாக்கா? அடுப்பப் பத்த வெச்சுட்டு உக்காந்திருக்கேன். எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

செல்வமேரி வாசற்படியைப் பார்த்தார். அங்கே வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கரண்டி மெதுவாகப் போய் வந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஆவலீங்க. கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்து மேடைமேல் கவிழ்த்து வைத்தார்.